கணினிக்குள் ஓடும் நீரும் அதில் சிக்கும் காற்றும்: குமிழிகளைக் கையாள ஒரு வழிகாட்டி

நள்ளிரவில் திருமண வீடியோ ஒன்றை எடிற் செய்துகொண்டிருக்கிறீர்கள். மேசைக்கு அடியிலிருக்கும் கணினியிலிருந்து 'களக் களக்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. போத்தலில் இருந்து தண்ணீர் ஊற்றுவது போன்ற சத்தம். விசிறி பழுதாகிவிட்டதோ, ஹாட் டிஸ்க் போகப்போகிறதோ என்று பதறிக் கேசிங்கைத் திறந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே சுற்றுகின்றன. சத்தம் வருவது நீர் ஓடும் குழாய்களுக்குள் இருந்து. அங்கே காற்று சிக்கியிருக்கிறது.

நீரால் குளிரூட்டப்படும் கணினிகள் ஒரு காலத்தில் பெரிய ஆய்வுகூடங்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்தன. இன்று வீடியோ எடிற்றிங், முப்பரிமாண வரைகலை, கட்டட வரைபடம், விளையாட்டு என்று பாரமான வேலைகளுக்கு வாங்கப்படும் கணினிகளில் அவை சாதாரணமாகிவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் மச்சானோ பெறாமகனோ தான் பாவித்த கணினியைப் பொதியில் போட்டு அனுப்பும்போதும் அதனுடன் ஒரு நீர்க் கூலர் வந்து சேரலாம். வருமானம் தரும் கருவியே அதுவாக இருக்கும் ஒருவருக்கு அந்தச் சத்தம் சிறிய விடயம் அல்ல. பம்ப் எரிந்தால் வேலை நிற்கும். அவசரப்பட்டுத் தவறாகத் திறந்தால் மதர்போட்டிலும் கிராபிக்ஸ் காட்டிலும் நீர் விழும்.

குமிழிகள் பெரும்பாலும் ஆபத்தற்றவை; சில வேளைகளில் மட்டும் ஆபத்தானவை. இரண்டையும் பிரித்தறியவும், காற்றைச் சேதமில்லாமல் வெளியேற்றவும் தேவையான விபரங்கள் இங்கே தரப்படுகின்றன.

நீர் ஏன் கணினிக்குள் வந்தது?

ஒரே கனவளவு நீரும் காற்றும் ஒரே அளவு சூடாகும்போது, நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது காற்றைவிட 20 மடங்குக்கு மேல் திறமையானது. எனவே சிறிய இடத்தில் பெரும் வெப்பம் உருவாகும்போது நீர் பொருத்தமான தெரிவாகிறது.

ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தனது சிஸ்டம்/360 வரிசையின் மொடல் 91 கணினியில் நீர்க்குளிரூட்டலைப் பயன்படுத்தியது. 1980இல் அறிமுகமான அதன் 3081 கணினியும் நீராலேயே குளிரூட்டப்பட்டது. 1985இல் வெளிவந்த க்ரே-2 மீக்கணினியின் மின்சுற்றுப் பலகைகள் மின்னைக் கடத்தாத புளோரினேர்ட் என்ற திரவத்துக்குள் முழுமையாக அமிழ்ந்திருந்தன. கண்ணாடியூடாகப் பார்ப்போருக்குத் திரவத்தில் குமிழிகள் தெரிந்ததால் அந்தக் கணினிக்கு 'பபிள்ஸ்' என்ற செல்லப்பெயரே வந்துவிட்டது. மேசைக் கணினிகளுக்கும் இந்த முறை பின்னர் வந்தது. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தனது 2.5 கிகாஹேர்ட்ஸ் பவர் மக் ஜி5 கணினியைத் திரவக் குளிரூட்டலுடன் விற்பனைக்கு விட்டது.

சுற்றின் பாகங்கள்

எந்த நீர்க்குளிரூட்டும் சுற்றிலும் அடிப்படையாகச் சில பாகங்கள் உண்டு. புரொசசரின் மேல் அழுத்திப் பொருத்தப்படும் செப்புத் தட்டு 'புளொக்' எனப்படும். அதன் உட்புறத்தில் மயிரிழை போன்ற மெல்லிய இடைவெளிகள் வெட்டப்பட்டிருக்கும். நீர் அவற்றினூடாகப் பாய்ந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பின்னர் அது ரேடியேற்றருக்குச் சென்று, விசிறிக் காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இந்த ஓட்டத்தை நடத்துவது பம்ப். மேலதிக நீரை வைத்திருப்பது தாங்கி.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டும் சுற்றுகளில் தாங்கி கண்ணுக்குத் தெரியும். திறந்து நிரப்பவும் முடியும். தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்டு வரும் 'ஓல் இன் வன்' கூலர்களில் பெரும்பாலும் தனியான தாங்கி இருக்காது. ரேடியேற்றரின் ஓரத்தில் உள்ள சிறு அறையே தாங்கியின் வேலையைச் செய்யும். இந்த வேறுபாடு முக்கியமானது. முதல் வகையில் காற்றை வெளியேற்றலாம். இரண்டாவது வகையில் காற்றைத் தீங்கில்லாத இடத்துக்கு நகர்த்த மட்டுமே முடியும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

முதலாவது காரணம் எளிமையானது. வெறுமையான சுற்றுக்குள் இருந்தது காற்று. நீரை ஊற்றும்போது அது முழுவதும் ஒரேயடியாக வெளியேறுவதில்லை. ரேடியேற்றரின் மூலைகள், புளொக்கின் மெல்லிய இடைவெளிகள், குழாய் வளைந்து உயரும் இடங்கள் ஆகியவற்றில் அது தங்கிவிடும்.

இரண்டாவது, நீரிலேயே கரைந்திருக்கும் காற்று. குளிர்ந்த நீரில் வாயு கூடுதலாகக் கரையும். சூடான நீரில் குறைவாகக் கரையும். 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்க முடியும். 40 பாகையில் அது 6.4 மில்லிகிராமாகக் குறைகிறது. நைதரசனும் இப்படியே. புதிதாக நிரப்பிய சுற்று முதன்முறை சூடாகும்போது குழாயின் உட்சுவரில் குண்டூசித்தலை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அடுப்பில் வைத்த பானையின் அடியில், நீர் கொதிப்பதற்கு முன்னரே தோன்றும் குமிழிகளும் இவ்வகையே. இது ஒழுக்கின் அறிகுறி அல்ல.

மூன்றாவது, தாங்கியில் உருவாகும் சுழி. நீர்மட்டம் குறைவாக இருக்கும்போது பம்ப் முழு வேகத்தில் இழுத்தால், தாங்கியின் நடுவே சுழி ஏற்பட்டு மேற்பரப்புக் காற்று நேராகப் பம்புக்குள் இறங்கும். திரும்பிவரும் நீர் உயரத்தில் இருந்து மேற்பரப்பில் விழுந்தாலும் அது காற்றைக் கலக்கிக்கொண்டு செல்லும்.

நான்காவது, காலப்போக்கில் நீர் குறைவது. இறப்பர், பிளாஸ்ரிக் குழாய்களின் சுவரூடாக நீர் மிக மெதுவாக ஆவியாகி வெளியேறும். எந்த இணைப்பிலும் ஒழுக்கு இல்லாமலே ஓரிரு ஆண்டுகளில் மட்டம் இறங்கும். நீர் போன இடத்தைக் காற்று நிரப்பும். பழைய ஓல் இன் வன் கூலர்கள் திடீரெனச் சத்தமிடத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஐந்தாவது, அரிதானது, ஆனால் கவனிக்க வேண்டியது. பம்புக்கு உள்ளே நீர் செல்லும் பக்கத்தில்தான் சுற்றின் அமுக்கம் மிகக் குறைவாக இருக்கும். அந்தப் பக்கத்து இணைப்பின் இறப்பர் வளையம் சரியாக அமராவிட்டால், நீர் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே இழுபடக்கூடும். எத்தனை தடவை வெளியேற்றினாலும் குமிழிகள் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

காற்று என்ன தீங்கு செய்யும்?

கிணற்று மோட்டர் வைத்திருக்கும் எவருக்கும் இதன் விடை தெரியும். அடிவால்வு கசிந்து குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டர் சத்தமிட்டுச் சுற்றும், தண்ணீர் ஏறாது. மோட்டரை நிறுத்தி, மேலே தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பிய பின்னரே அது மீண்டும் இழுக்கும். கணினிப் பம்பும் அதே வகை. சுழலும் சில்லு தனக்குள் இருப்பதை வெளிநோக்கி வீசி எறிகிறது. காற்று நீரைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. 4 மீற்றர் உயரத்துக்கு நீரைத் தள்ளக்கூடிய பம்ப் காற்றை மட்டும் பிடித்தால், அது தரும் அமுக்கம் 5 மில்லிமீற்றர் உயர நீருக்குச் சமமாகச் சுருங்கிவிடும். சுற்றில் உள்ள நீரை அதனால் அசைக்கவே முடியாது.

கிணற்று மோட்டரிலும் இது ஒரு படி மோசமானது. கணினிப் பம்ப்களின் தாங்கிப் பகுதிக்கு எண்ணெயோ கிறீஸோ கிடையாது. ஓடும் திரவமே அதற்கு மசகு. பம்ப் வறண்டு சுற்றினால் தேய்வு மிக விரைவாக நிகழும். எனவே நிரப்பும்போது வெறும் பம்பை ஒருபோதும் ஓடவிடக்கூடாது.

இரண்டாவது தீங்கு புளொக்கில். மெல்லிய இடைவெளிகளில் காற்று அடைத்துக்கொண்டால் அந்தப் பகுதிச் செப்பு நீரைத் தொடாது. புரொசசரின் வெப்பநிலை சில விநாடிகளில் ஏறி இறங்கித் தாவும். பெரும்பாலான புதிய புரொசசர்கள் 95 முதல் 100 பாகை செல்சியஸ் அளவில் தமது வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே சென்றால் கணினி நின்றுவிடும். ஆகவே புரொசசர் உடனே எரிந்துவிடாது. பம்ப் எரியக்கூடும்.

மூன்றாவது, சத்தம். இது தொல்லை மட்டுமே. ரேடியேற்றரின் மேல் அறையில் கொஞ்சம் காற்று இருந்து, நீர் அதன் வழியாக விழுந்தால் அருவிச் சத்தம் கேட்கும். வெப்பநிலை வழமைபோல இருந்தால் அதில் ஆபத்தில்லை.

ஓட்டம் குறைவதால் மட்டும் என்ன நடக்கும் என்பதையும் கணக்காகப் பார்க்கலாம். 300 வோட் வெப்பத்தைச் சுமக்கும் சுற்றில் நிமிடத்துக்கு 4 லீற்றர் நீர் ஓடினால், ஒரு சுற்றில் நீர் ஏறத்தாழ 1 பாகை மட்டுமே சூடாகும். ஓட்டம் நிமிடத்துக்கு 1 லீற்றராகக் குறைந்தாலும் அது 4 பாகையைச் சிறிது தாண்டும், அவ்வளவுதான். ஓட்டம் கொஞ்சம் குறைந்ததற்காகப் பதற வேண்டியதில்லை. அது நின்றுபோகாமல் இருப்பதே முக்கியம்.

குமிழியின் வேகமும் நீரின் வேகமும்

காற்றை வெளியேற்றும் வேலை முழுவதும் ஒரே விதியில் தங்கியுள்ளது. குமிழி மேலே ஏற முயலும். ஓடும் நீர் அதைத் தன்னோடு இழுக்கும். எது வேகமானதோ அது வெல்லும்.

சில மில்லிமீற்றர் அகலமான குமிழி அசையாத நீரில் விநாடிக்கு 20 சென்ரிமீற்றர் அளவில் மேலே ஏறும். 10 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில் நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும்போது நீரின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர். கீழ்நோக்கிச் செல்லும் குழாயில் அந்தக் குமிழி தோற்றுப்போய் நீருடன் கீழே இழுபடும். பம்பை மெதுவாக்கி ஓட்டத்தை 1 லீற்றராகக் குறைத்தால் நீரின் வேகம் விநாடிக்கு 21 சென்ரிமீற்றராகும். அதே குமிழி இப்போது அந்தக் குழாயில் ஏறவும் இறங்கவும் முடியாமல் நின்று ஆடும்.

தாங்கியில் நிலைமை வேறு. 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள தாங்கியில், 4 லீற்றர் ஓட்டத்திலும் நீர் விநாடிக்கு இரண்டரைச் சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே கீழே இறங்குகிறது. பெரிய குமிழிகள் அங்கே எளிதாகப் பிரிந்து மேலே போய்விடும். ஆனால் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அகலமான நுண்குமிழி விநாடிக்கு அரைச் சென்ரிமீற்றர்தான் ஏறும். அது மீண்டும் பம்புக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக நிரப்பிய நீர் பால் கலந்ததுபோல் கலங்கித் தெரிவது இந்த நுண்குமிழிகளால்தான். பம்பை நிறுத்தினால் சில நிமிடங்களில் அது தெளியும்.

இதிலிருந்து நடைமுறை பிறக்கிறது. மூலைகளில் அடைந்திருக்கும் காற்றைப் பெயர்க்க வேகமான ஓட்டம் வேண்டும். பெயர்ந்த காற்றைப் பிரித்தெடுக்க மெதுவான ஓட்டமோ முழுமையான நிறுத்தமோ வேண்டும். ஒரே வேகத்தில் நாள் முழுவதும் ஓடவிடுவதைவிட, இரண்டையும் மாறிமாறிச் செய்வது பயன் தரும்.

நிரப்பும் முறை

திறந்து நிரப்பக்கூடிய சுற்றுகளுக்கு உரிய ஒழுங்கு இது. அவசரமில்லாத ஒரு நாளைத் தெரிவு செய்யுங்கள்.

1. முதலில் கோப்புகளைப் பிரதி எடுங்கள். இடப்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் உறவினரிடம் தப்பிய ஒன்றிரண்டு படங்களை ஸ்கான் செய்து வைத்திருப்பது பெரும்பாலும் இப்படியான ஒரு கணினியில்தான். கூலரை மாற்றலாம், அந்தப் படங்களை மாற்ற முடியாது. வெளி ஹாட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து அதைக் கணினியில் இருந்து கழற்றி வையுங்கள்.

2. சுவரில் உள்ள மின் இணைப்பைக் கழற்றுங்கள். பவர் சப்ளையில் இருந்து மதர்போட், புரொசசர், கிராபிக்ஸ் காட் ஆகியவற்றுக்குச் செல்லும் எல்லாக் கேபிள்களையும் எடுத்துவிடுங்கள். பம்புக்கு மட்டும் மின் கிடைக்க வேண்டும். மதர்போட் இல்லாமல் பவர் சப்ளையை இயக்க, அதன் 24 ஊசிக் கேபிளில் பொருத்தும் சிறிய ஜம்பர் பிளக் விற்பனையில் உண்டு. வயர் துண்டால் இணைப்பதைவிட அது பாதுகாப்பானது. பவர் சப்ளையின் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது.

3. ஒவ்வொரு இணைப்பின் கீழும் ரிஷூக் கடதாசித் துண்டொன்றை வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கையும் அது காட்டிக்கொடுக்கும்.

4. தாங்கியைப் பம்புக்கு மேலே இருக்குமாறு பொருத்தியிருக்க வேண்டும். தாங்கியை நிரப்பி, நீர் தன் பாரத்தால் பம்புக்குள் இறங்கும்வரை காத்திருங்கள்.

5. பம்பைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிடுங்கள். தாங்கியின் நீர் விரைவாக இறங்கும். அது முழுதாக வெறுமையாகும் முன் நிறுத்தி, மீண்டும் நிரப்புங்கள். நீர் சுற்றி வந்து தாங்கிக்குள் விழத் தொடங்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பம்ப் வறண்டு ஓடும் ஆபத்து இந்தக் கட்டத்தில்தான் அதிகம். சுவிட்சில் இருந்து கையை எடுக்க வேண்டாம்.

6. சுற்று நிரம்பியதும் தாங்கியின் மூடியை இறுக்கி, கேசிங்கை முன்னும் பின்னும் இடமும் வலமும் மெதுவாகச் சரியுங்கள். பாரமான கேசிங் என்றால் இருவர் பிடிக்க வேண்டும். சரிக்கும்போது தாங்கியின் வெளியேறும் துளை நீருக்குள்ளேயே இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேற்றரில் அடைந்த காற்று பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் உருண்டு வெளியே வரும்.

7. மூடியைத் தளர்த்திவிட்டுப் பம்பை உச்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். குமிழிகள் மேலே வந்து உடையும், மட்டம் இறங்கும், நிரப்புங்கள். இதை ஐந்தாறு முறை செய்யுங்கள்.

8. மூடியை இறுக்கிப் பம்பை ஒரு முழு நாள் ஓடவிடுங்கள். ரிஷூக் கடதாசிகள் காய்ந்திருந்தால் மட்டுமே மற்றைய கேபிள்களைப் பூட்டுங்கள்.

எல்லாக் காற்றையும் அகற்ற முயல வேண்டாம். நீர் 30 பாகையில் இருந்து 40 பாகைக்குச் சூடாகும்போது ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ மூன்றரை மில்லிலீற்றர் விரிவடையும். மூடிய சுற்றில் அதற்கு இடம் வேண்டும். தாங்கியின் மேற்பகுதியில் ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் காற்று இருந்தால் அமுக்கம் ஏறாது, இணைப்புகளும் காப்பாற்றப்படும்.

பிடிவாதமான குமிழிகள்

ஒரு நாளுக்குப் பிறகும் குழாய்ச் சுவரில் சில குமிழிகள் ஒட்டியிருந்தால் விரலால் மெதுவாகத் தட்டுங்கள். புளொக்குக்குள் இருப்பவை முதல் சில நாட்கள் கணினி சூடாகி ஆறும்போது தாமாகவே நகரும். ஒரு வாரம் பொறுத்திருப்பது வழமையானது.

சுழி தொடர்ந்தால் நீர்மட்டத்தை உயர்த்திப் பம்பின் வேகத்தைக் குறையுங்கள். திரும்பிவரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சுழியைத் தடுக்கும் குறுக்குத் தட்டும் சில தாங்கிகளுடன் கிடைக்கும்.

குமிழி கரையும் என்று பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு துளி விடும் பழக்கம் சிலரிடம் உண்டு. சவர்க்காரம் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் ஒட்டிய குமிழிகள் விடுபடுவது உண்மைதான். ஆனால் வேகமாகச் சுழலும் பம்ப் அதை நுரையாக அடித்துவிடும். நுரையை வெளியேற்றுவது குமிழியை வெளியேற்றுவதைவிடச் சிரமம். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

மூடி வரும் கூலர்களுக்கு

ஓல் இன் வன் கூலர்களுக்குள் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே சிறிதளவு காற்று இருக்கும். காலம் செல்ல அது கூடும். இங்கே தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: சுற்றின் மிக உயரமான இடம் எது?

ரேடியேற்றரைக் கேசிங்கின் கூரையில் பொருத்தினால் காற்று அதன் ஓர அறையில் தங்கிவிடும். பம்ப் எப்போதும் நீருக்குள் இருக்கும். இதுவே சிறந்த அமைப்பு. முன்பக்கத்தில் நிமிர்த்திப் பொருத்துவதானால் ரேடியேற்றரின் மேல் விளிம்பு பம்பை விட உயரமாக இருக்க வேண்டும். இயலுமானால் குழாய்கள் ரேடியேற்றரின் கீழ்ப்பக்கமாக வரட்டும். குழாய்கள் மேலே இருந்தால் காற்று தங்கும் அறையும் குழாய் வாயும் ஒரே இடத்தில் அமைந்து சத்தம் கூடும். ரேடியேற்றரைக் கேசிங்கின் அடியில் பொருத்துவது கூடாது. அப்போது புரொசசரின் மேல் இருக்கும் பம்பே உயரமான இடமாகிவிடும். காற்று முழுவதும் அங்கேயே சேரும்.

பொதியில் வந்த பழைய கூலரைப் பூட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். கையில் பிடித்து இருபக்கமும் மெதுவாகச் சரித்துக் காதில் வைத்துக் கேளுங்கள். சிறிது சலசலப்பு இயல்பானது. பாதி நிரம்பிய போத்தல் போலக் குலுங்கினால் அது தன் நீரை இழந்துவிட்டது. நிரப்பும் துளை இல்லாத கூலரைத் திறந்து நிரப்புவது உத்தரவாதத்தை இல்லாமலாக்கும். ஒழுக்குக்கும் வழி வைக்கும். அந்தப் பணத்தைச் சேர்த்து ஒரு நல்ல விசிறிக் கூலர் வாங்குவது புத்திசாலித்தனம்.

எந்த நீர்?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக் கற்பாறைகளுக்கூடாக ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையே அதன் சாட்சி. அதே படை புளொக்கின் மெல்லிய இடைவெளிகளில் படிந்தால் அது அடைபட்டுப்போகும். சுத்திகரிக்கப்பட்ட குடிநீரிலும் உப்புகள் ஓரளவு எஞ்சியிருக்கும், அதுவும் பொருந்தாது.

நீர்க்குளிரூட்டலுக்கென்றே விற்கப்படும் திரவம் கிடைத்தால் அதுவே நல்லது. கிடைக்காவிட்டால் பற்றரிக் கடைகளில் விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கி, அரிப்பையும் பாசியையும் தடுக்கும் சேர்மானத்தைக் கலந்து பயன்படுத்தலாம். அதே கடையில் பற்றரி அசிட்டும் ஒத்த போத்தல்களில் இருக்கக்கூடும். லேபிளை வாசித்து வாங்குங்கள்.

காய்ச்சி வடித்த நீர் மின்னைக் கடத்தாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சுற்றுக்குள் ஓடத் தொடங்கியதும் உலோக அயன்கள் அதில் கலக்கும்; வெளியே சிந்தினால் தூசியும் சேரும். அதன் பின்னர் அது கடத்தும். செப்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் கலந்திருப்பதும் கூடாது. ஒன்று மற்றதை அரிக்கும்.

எங்கள் வெப்பமும் கணக்கில் வர வேண்டும். ரேடியேற்றரால் நீரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுவர முடியாது. அறை 32 பாகையில் இருக்க, வேலை செய்யும் கணினியின் நீர் 42 பாகையைத் தாண்டுவது சாதாரணம். பல பம்ப்களுக்கு உற்பத்தியாளர் தரும் மேல் எல்லை 60 பாகை. குளிர்நாட்டில் இருக்கும் இடைவெளி இங்கே இல்லை. ரேடியேற்றரின் தூசியைத் தட்டி வைத்திருப்பது குமிழியைத் துரத்துவதைவிடக் கூடுதல் பயன் தரலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

கணினியைப் போட்டவுடன் சில விநாடிகள் களகளத்து அடங்கினால் பயமில்லை. இரவு முழுவதும் நின்றிருந்த சுற்றில் குமிழிகள் ஒன்றுசேர்ந்து, காலையில் ஓடும்போது உடைகின்றன. மின்தடைக்குப் பின்னரும் இப்படிக் கேட்கலாம்.

இடைவிடாத சத்தம் இருந்தும் வெப்பநிலை வழமைபோல இருந்தால், ஓய்வான நாளில் நீர்மட்டத்தையும் ரேடியேற்றரின் நிலையையும் சரிபாருங்கள்.

புரொசசரின் வெப்பநிலை வேலை தொடங்கிய சில விநாடிகளில் உச்சத்துக்கு ஏறினால், ஒரு குழாய் சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால், பம்ப் கல் அரைப்பதுபோல் ஒலித்தால், உடனே கணினியை நிறுத்துங்கள். நீர் ஓடவில்லை என்பதே இவற்றின் பொருள். வேலையை முடித்துவிட்டு நிறுத்துவோம் என்று அரை மணித்தியாலம் ஓட்டினால் பம்பையும் இழக்க நேரலாம்.

எங்காவது ஈரம் கண்டால் சுவர் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றிய பின்னரே கை வையுங்கள். நனைந்த பாகத்தை நன்றாக உலரவிடாமல் மின் கொடுக்க வேண்டாம். நீர் பட்டதால் பழுதாகும் பாகங்களில் பல, ஈரம் காயும் முன் 'போட்டுப் பார்த்ததால்' பழுதாகின்றன.

வேலை முடிந்ததும் ஒரு சிறு கடதாசியில் நிரப்பிய திகதியையும், தாங்கியில் நீர்மட்டம் நின்ற இடத்தையும் எழுதிக் கேசிங்கின் உட்பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் அந்தச் சத்தம் கேட்கும்போது, மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கடதாசி சொல்லும். கொஞ்சமாக இறங்கியிருந்தால் நிரப்பிவிட்டு வேலையைத் தொடரலாம். விரல் அளவுக்கு இறங்கியிருந்தால் ஒழுக்கைத் தேட வேண்டும்.